கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அங்கே நிற்காதீர்கள் சார், காவலர் வந்து தள்ளிப் போகச் சொல்வார். இப்படி வாருங்கள். இந்த மரத்தடியில் நின்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். போன தடவை வந்தபோதே பார்த்து வைத்துக்கொண்டேன். இங்கிருந்து பார்த்தால் வெளியே வருகிறவர்களின் முகம் தெரியும். முகம் எதற்கு, கை தெரிந்தால் போதும்.

பையனா, பெண்ணா உங்களுக்கு? பையனா. முதல் தடவை. சரி, சரி. கவலைப்படாதீர்கள். தூதரகத்துக்கு உள்ளே போய்விட்டால் அப்புறம் நம்மிடம் ஒன்றும் இல்லை. செல்போனைக்கூட நம்மிடம் கொடுத்துவிட்டுத்தானே போகிறார்கள். இது என் பெண்ணுடையது. மிருதுளா. உங்கள் பையனுக்கு முன்னால் வரிசையில் நின்றாளே, பழுப்புச் சுடிதார், அவள்தான்.

அதோ, கட்டம் போட்ட சட்டை வருகிறான், பாருங்கள். கையில் பாஸ்போர்ட் இல்லை. கிடைத்துவிட்டது என்று அர்த்தம். விசா ஒட்டுவதற்காக உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் பாஸ்போர்ட்டோடு வந்தால் இல்லை என்று அர்த்தம். வெறுங்கையோடு வருகிறவன்தான் சிரித்துக்கொண்டு வருவான். எல்லாம் தலைகீழ்.

எங்களுக்கு உடுமலைப்பேட்டை. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வண்டியில் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் பரீட்சை என்றால் எனக்குப் பயமே கிடையாது. பரீட்சை என்றால் என்ன சார்? எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன கேட்பார் என்று முன்னாலேயே தெரிந்துகொள்வது. அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் எந்த வளைவில் நிறுத்தச் சொல்வார், எந்த மேட்டில் எடுக்கச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் பழக்கினால் போதும்.

பழகுகிற வண்டியில் எங்கள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். என் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். நான் அழுத்துவது பழகுகிறவருக்குத் தெரியாது. தானே நிறுத்தினதாக நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும், தைரியம் வரும் அல்லவா?

மிருதுளாவையும் அப்படித்தான் பழக்கினேன். எங்கள் ஆபீசில் பணம் வாங்குகிற இடத்தில் கண்ணாடி போட்டு, அதில் பாதி நிலா மாதிரி ஒரு துளை வைத்திருப்போம். நான் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். இங்கே உள்ளேயும் அப்படித்தான், கண்ணாடி, துளை, நின்றுகொண்டே பதில். காலையில் முதல் பேட்ச் ஆட்கள் வருவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுவோம். எல்லாம் இங்கிலீஷில். ஏன் இந்த நாடு? ஏன் இந்தப் பல்கலைக்கழகம்? படித்துவிட்டு என்ன செய்வாய்? திரும்பி வருவாயா? ஒருநாள்கூட விட்டதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட உட்கார்ந்தபடியே சொல்ல வைத்தேன்.

கார் பழக ஜோதிமணி என்று ஒரு அம்மாள் வருவார்கள். எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "ஏனுங்க, லைசென்ஸ் குடுக்கறதுக்கு இத்தன கேள்வி கேப்பாங்களா? எனக்கு ஸ்கூட்டியே போதுமுங்க, நான் வாறேன்" என்றார்கள். மிருதுளா சிரித்துவிட்டாள். ஃபைல் கீழே விழுகிற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. நான் அதட்டினேன். ஆபீசர் முன்னால் இப்படிச் சிரித்தால் என்ன நினைப்பார்? அப்புறம் சிரிக்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்.

நான் கட்டாயப்படுத்துகிற ஆள் கிடையாது சார். அதைச் சொல்லிவிடுகிறேன். சிவில் எஞ்சினியரிங் அவளேதான் எடுத்தாள். வீட்டில் புத்தகமெல்லாம் இருந்தது, நோட்டுகள் இருந்தன, எதற்கு வேறு எடுக்க வேண்டும் என்று கேட்டேன், சரி என்றாள். மேல்படிப்புக்கும் அப்படித்தான். நடுவில் கொஞ்ச நாள், "அப்பா, லேடீஸ் பேட்ச் நானே பாத்துக்கறனுங்க, இன்னொரு வண்டி எடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் ஓட்டுவாள், இல்லை என்று சொல்லவில்லை. பெண்களெல்லாம் அவளிடம்தான் பழக வேண்டும் என்பார்கள். அந்த ஜோதிமணி அம்மாளைப் பொள்ளாச்சி ரோட்டில் லாரிக்குப் பின்னாலேயே ஓட்ட வைத்துவிட்டாள். ஆனால் அவள் பழக்கும்போது காலை இந்தப் பக்கத்து பிரேக்கில் வைப்பதே கிடையாது. மடக்கி வைத்துக்கொள்வாள். கேட்டால், "கால் வெச்சா அவங்களுக்குத் தெரிஞ்சுடுங்கப்பா" என்கிறாள். அது தொழிலுக்கு ஆகாது. அதுவும் போக, வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் இப்படி ஒரு பயம் வரும், உள்ளூரிலேயே ஏதாவது செய்யலாம் என்று தோன்றும். பெரியவனுக்கும் வந்தது.

பெரியவன் நவநீதன். ஆமாம், பையனும் இருந்தான். அவன்தான் முதலில் போனான். அவனையும் அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பழக்கினேன். உள்ளே போனான், வந்தான், வெறுங்கை. "அப்பா, நீங்க கேட்டதுதானுங்க கேட்டாங்க, ஒண்ணுகூட புதுசு இல்லை" என்றான். இதே இடம்தான். அப்போது இந்த மரம் இவ்வளவு பெரிதாக இல்லை.

அதனால் அவன் சொன்ன பதில்களையே இவளுக்கும் கொடுத்தேன். ஜெயித்த பதில் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு? எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்த இடத்தில் மூச்சு விடுவான், எந்த இடத்தில் தலையைக் கொஞ்சம் சாய்ப்பான், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு, அப்புறம் என்ன. பழகப் பழக, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவன் பேசுகிற மாதிரியே இருக்கும். நான் சில நாள் மூடிக்கொண்டுதான் கேட்பேன். கவனம் சிதறாமல் இருக்கும்.

அதில்தான் போன தடவை ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது. உடன்பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவள், "ஒரு தங்கை, எட்டாவது படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டாள். அது அவன் சொன்ன பதில். அவனுடைய தங்கைதானே இவள். அவன் போனபோது இவள் எட்டாவது. விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று இருக்கிறது. ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம் சார். ஒரு வருஷத்து உழைப்பு.

பஸ்ஸில் திரும்பிப் போகும்போது சொல்கிறாள், "நான் பொய் சொல்லலைங்கப்பா. அப்ப அதுதான் வாயில வந்துச்சு." யோசித்துப் பார்த்தால், வீட்டில் பழகும்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. தடங்கல் இல்லாமல் சொன்னாள், அதனால் கவனிக்கவில்லை.

அவனுக்கு என்ன ஆயிற்று என்றா? இல்லை சார், பரவாயில்லை, கேட்கலாம். கேட்பதில் என்ன இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு ஏரி. குளிர்காலத்தில் மேலே கட்டியாக உறைந்துவிடும், ஜனங்கள் நடப்பார்கள், குழந்தைகள் சறுக்குவார்கள். குளிர் முடியப்போகிற சமயத்தில் அது மெலிந்துவிடும். யாரும் போக மாட்டார்கள். போகக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். இவன் போயிருக்கிறான். ஏதாவது பாடத்தை யோசித்துக்கொண்டே நடந்திருப்பான். சின்ன வயதிலேயே அப்படித்தான், யோசனை வந்துவிட்டால் எதிரில் மாடு வந்தாலும் தெரியாது. கோட்டு போடாமல் போயிருக்கிறான், அதுதான் எனக்குத் தாளவில்லை. அவ்வளவு குளிரில் கோட்டு போடாமல் யாராவது வெளியே போவார்களா? அறையில் ஆணியில் மாட்டியிருந்ததாம். போன், சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அந்தக் கோட்டுப் பையிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பொருளைத் தொலைக்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. அவ்வளவு ஒழுங்கானவன், இந்த ஒரு விஷயத்தில் கவனக்குறைவு.

அந்த வாரம்கூட நன்றாகத்தான் பேசினான். "வந்துடட்டுங்களாப்பா?" என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதானே, உங்கள் பையனும் கேட்பான், பாருங்கள். நாம்தான் தைரியம் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், "பாதி மேட்டுல வண்டிய நிறுத்தக் கூடாது சாமி, ஏறிட்டா அப்பறம் சமதளம்." "சரிங்கப்பா" என்றான். குரல் தெளிவாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொல்வானே, அதே குரல்.

நான் அங்கே போனதில்லை. அவனை வைத்த பெட்டி இங்கே வந்தது, வாங்கிக்கொண்டோம். ஆனால் அந்த ஊர் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தெருத்தெருவாக நடக்கிற மாதிரியே போய்ப் பார்க்கலாமே, அது வழியாக. அவன் அறையிலிருந்து வகுப்புக்குப் போகிற வழி, கடைக்குப் போகிற வழி, ஏரிக்குப் போகிற வழி. மத்தியானம் வண்டிகள் சும்மா நிற்கிற நேரத்தில் உட்கார்ந்து போய்விட்டு வருவேன். அந்த மளிகைக் கடைக்காரருக்கே தெரியாத சந்து எனக்குத் தெரியும்.

ஏரிக்குப் போகிற தெருவில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அந்தப் படங்களில் எல்லார் முகத்தையும் கலைத்து விட்டிருப்பார்கள், முகம் தெரியாது. ஆனால் உட்காருகிற விதம் இருக்கிறதே. ஒரு கால் மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு. அந்தப் பையை நான்தான் கோயமுத்தூரில் வாங்கிக் கொடுத்தேன். என் மனைவி பூங்கோதையிடம் காட்டினேன். "அங்க நம்ம பையனாட்ட எத்தன பேரு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்குக் கண் சரியில்லை. மிருதுளாவிடம் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "இருக்கலாங்கப்பா" என்றாள்.

தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள் பார்த்தால் பெஞ்ச் காலி. புதிதாகப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். வெயில் வேறு மாதிரி இருந்தது, எதிர்க் கடைக்குப் புதுப் பெயிண்ட். முன்னும் பின்னும் போய்ப் பார்த்தேன், ஏரி வரைக்கும் போய்ப் பார்த்தேன். இல்லை.

அந்த வாரம்தான் மிருதுளாவுக்கு விண்ணப்பம் போட்டோம். படித்து முடிக்கிற சமயம், எப்படியும் போட வேண்டியதுதான். அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். போன உடனே வேண்டாம், ஊர் பழகின பிறகு.

பூங்கோதைதான் ஒத்துழைக்கவில்லை. போன தடவை கிளம்புகிற அன்றைக்குப் பாஸ்போர்ட்டைக் காணோம். வீடெல்லாம் புரட்டினோம். கடைசியில் அரிசி டிரம்முக்குள் கையை விட்டால், அடியில், பாலிதீன் கவரில் சுற்றி. படித்தவள் சார், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். "அவன் போன வழியிலயே இவளையும் அனுப்போணுமா?" என்கிறாள். தெரிந்த வழி நல்லதுதானே? தெரியாத ஊருக்கா அனுப்புகிறேன்? கோட்டு போடாமல் வெளியே போகாதே, ஏரிப் பக்கம் பலகை இருந்தால் படி, இந்த இரண்டும் போதும். கோட்டு அவனுடையதே இருக்கிறது. புத்தம் புதுசு மாதிரி. டெய்லரிடம் கொடுத்துக் கையை மட்டும் குறைத்தோம். சித்திரை வெயிலில் அவளைப் போட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தேன், பழக வேண்டும் இல்லையா, கனம் அதிகம். வாசலில் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டு வந்தாள். பூங்கோதை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு, ஒரு நிமிஷம், அவள் திரும்பி வருகிறபோது... சரி, அது கிடக்கட்டும்.

உங்கள் பையன்தானே அது? கையைப் பாருங்கள் சார், கையை! நான் சொல்லவில்லையா? போங்கள், போங்கள், முதலில் அவனைப் பாருங்கள். தம்பி, வாழ்த்துகள்.

*

இன்னும் கிளம்பவில்லையா நீங்கள்? ஆட்டோ இந்த நேரத்தில் இந்தப் பக்கம் வர யோசிப்பான். செல்போனில் வரச் சொல்லியிருக்கிறீர்களா, அப்படியானால் வந்துவிடும்.

மிருதுளா வந்துவிட்டாள். அதோ, எதிர்ச்சாரியில் இளநீர்க்காரரிடம் நிற்கிறாள். தானாகவே போய் வாங்கிக் குடிக்கிறாள். நீங்களும் கையைப் பார்த்திருப்பீர்கள். ஆமாம்.

இந்தத் தடவை ஒரு பெண்மணியாம். வயதானவர். முதல் கேள்விக்கு நன்றாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவதுக்கும். உடன்பிறந்தவர் கேள்வி வந்திருக்கிறது, அண்ணன் ஒருவன் இருந்தான், இப்போது இல்லை என்று சரியாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீ எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறாய். அதெல்லாம் இருக்கட்டும். உனக்குப் போக ஆசையா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஆமான்னு சொல்லலைங்கப்பா."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"யோசிச்சுட்டு நின்னேன். யாரும் கேட்டதில்லையே, அதனால உடனே வரலை. அவங்க பாட்டுக்குக் காத்துட்டே இருந்தாங்க. பின்னால அவ்வளவு கூட்டம் நிக்குது, அப்பவும் காத்துட்டு இருந்தாங்க. அப்பறம் 'இல்லீங்க'ன்னு சொன்னேன்."

"தமிழ்லயா?"

"தமிழ்லதான் வந்துச்சு. தலையையும் ஆட்டியிருப்பேனாட்டம் இருக்குது. அவங்களுக்குப் புரிஞ்சுது."

அழவில்லை சார். அழுதிருந்தால்கூட எனக்கு என்ன சொல்வது என்று தெரிந்திருக்கும். "பசிக்குதுங்கப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். இருபக்கமும் பார்த்து, நிதானமாகத் தாண்டினாள்.

இது நம்மிடம் இல்லாத கேள்வி. அதுதான் விஷயம். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் பையனிடம் கேட்டார்களா? கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், எல்லாரிடமும் கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். கேட்கவில்லையா. சரி, தம்பி, சரி. இல்லை, சும்மாதான் கேட்டேன்.

அடுத்த தடவைக்குள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு வரி பதில். நான் இங்கே நின்றபடியே தயார் செய்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். எப்போதும் எப்படிச் செய்வேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நவநீதனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, கேட்பேன். அவன் சொல்வான், நான் பிடித்துக்கொள்வேன். ஏன் இந்த நாடு என்றால் சொல்கிறான். ஏன் இந்தப் படிப்பு என்றால் சொல்கிறான். திரும்பி வருவாயா என்றால்கூட டக்கென்று சொல்கிறான்.

உங்கள் ஆட்டோ வந்துவிட்டது, ஏறுங்கள். பையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் கேட்டுப் பார்த்தேன் சார், நீங்கள் மறுபடி இங்கே வருவதற்கு முன்னால். உனக்குப் போக ஆசையா சாமி என்று. நிற்கிறான். என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.